இருபத்திரண்டு பேர் எழுதிய நூற்றுப்பதினேழு

நான் கணக்கு நடத்திய பத்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர் படித்தார்கள். வருகைப் பட்டியலில் நாற்பத்திரண்டு எண்கள் இருந்தன. இந்த ஒரு ஆள் வித்தியாசத்தை அந்த வருடம் முழுவதும் தலைமையாசிரியை கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது.

நாற்பத்திரண்டாம் எண் என் அம்மாவின் போன். ஆன்லைனில் வகுப்பு எடுப்பவளுக்குத் தன் திரை மட்டும்தான் தெரியும். பிள்ளைகளின் திரையில் எழுத்து தெளிவாக விழுகிறதா, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதா என்பது தெரியாது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எதை அனுப்பினாலும் மறுமுனையில் ஒரு மீட்டர் வைத்துப் பார் என்றுதான் கல்லூரியில் நான்கு வருடம் சொன்னார்கள். அந்த மீட்டராக அம்மாவின் போனை வகுப்பிலும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்தேன். பெயர் கேட்ட இடத்தில் 42 என்று மட்டும் போட்டேன். வகுப்பு நடக்கும்போது அது என் பக்கத்திலேயே, வால்யூம் குறைக்கப்பட்டு, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

பிள்ளைகள் 42-ஐக் கூச்சப்படும் பெண் என்று நம்பினார்கள். தினமும் வருவாள், கேமரா போட மாட்டாள், வாய் திறக்க மாட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் தவறாமல் ரோஜாக் கொத்துப் படத்துடன் ‘ஜும்ஆ முபாரக்’ அனுப்பிவிடுவாள். எந்தக் குழுவுக்கு எது போகிறது என்று அம்மா பார்ப்பதில்லை. ஒரு முறை மாமிக்குப் போக வேண்டிய நோன்புக் கஞ்சிக் குறிப்பு வகுப்புக்குப் போய்விட்டது. ஆறு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அன்றைய என் வீட்டுப்பாடத்துக்கு நான்கு பேர்தான்.

நான் ஆசிரியையானதே ஒரு தற்காலிக ஏற்பாடு. சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலைக்கான கடிதம் வந்திருந்தது. சேரும் தேதி மட்டும் வரவில்லை. ஊரடங்கு நீண்டுகொண்டே போனது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லை என்று கேள்விப்பட்டு அப்பா, எங்கள் வீட்டில் அத்தா, என்னைக் கேட்காமலே சம்மதம் சொல்லிவிட்டார். அத்தாவுக்கு ஆட்டுத் தோல் வாங்கி விற்கும் மண்டி. ஆட்கள் வராமல் மண்டி பூட்டிக் கிடந்ததால் வீட்டில் யாரையாவது வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் வகுப்பு. அங்கேதான் சிக்னல் நிற்கும். ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் போனைப் படுக்க வைத்து, கூடையின் ஓட்டை வழியாகக் கேமரா கீழே பார்க்கும்படி செய்திருந்தேன். கூடைக்குள் கையை விட்டுத் தாளில் கணக்குப் போடுவேன். பிள்ளைகளுக்கு என் கை மட்டும்தான் தெரியும். பக்கத்து மாடியில் துணி காயப் போட வரும் அக்காவுக்கு நான் கூடைக்குள் கையை விட்டுக்கொண்டு “புரியுதா? புரியுதா?” என்று கேட்பது தெரியும். அவர் அம்மாவிடம், “பிள்ளைக்கு உடம்புக்கு எதுவும் முடியலையா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். பிள்ளைகள் சொல்லும் சாக்குகளுக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சார்ஜ் இல்லை, நெட் தீர்ந்துவிட்டது, அண்ணன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான், மயில் கத்துகிறது. நான்காவது சாக்கு உண்மை. அது எண் 29 சொன்னது.

பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அப்போதும் எனக்கு அவர்கள் முகங்களாக இல்லை, எண்களாகத்தான் இருந்தார்கள். 29 சித்தையன்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பா திருப்பூரில். அம்மா தங்கள் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, நாற்று நட ஆட்களைக் கூட்டிப் போகும் வேலையும் செய்தார். வீட்டில் ஒரே போன். அம்மா தோட்டத்துக்குப் போகும்போது அதுவும் போகும், பின்னாலேயே 29-ம் போவாள். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து வகுப்பைக் கவனிப்பாள். அவள் மைக்கைத் திறந்தால் மயில் முதலில் பேசும்.

“என்ஜினியரிங் படிக்கணும் மிஸ்,” என்று ஒருநாள் சொன்னாள்.

“படிச்சு என்ன பண்ணுவ?”

“உங்கள மாதிரி வரணும் மிஸ்.”

நான் கூடைக்குள் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டேன். 

என்ஜினியரிங்குக்குப் பதினொன்றில் கணக்குப் பிரிவு வேண்டும். எங்கள் பள்ளியில் அதில் இடம் குறைவு. பொதுத்தேர்வு நடக்காது என்று அறிவித்துவிட்டதால், நான் வைக்கும் ஆன்லைன் தேர்வுகளைப் பார்த்துத்தான் இடம் என்று பள்ளியில் முடிவு செய்தார்கள். வேறு பள்ளியில் முயலலாமே என்றால், 29-இன் ஊருக்கு எங்கள் பள்ளிப் பேருந்து மட்டும்தான் போகும். இரண்டு பஸ் மாறிப் போய்ப் படிக்க அவள் வீட்டில் விட மாட்டார்கள். ஆக, இங்கே கிடைத்தால் உண்டு.

முதல் தேர்வில் ஒரு கணக்கு. முந்தைய வருடப் பாடம் பாதி நடக்காததால், மூன்று பக்கங்களைக் கொண்டு முக்கோணத்தின் பரப்பளவு காணும் சூத்திரத்தை நான் மறுபடி நடத்தியிருந்தேன். அதிலிருந்து கேட்டேன்: ஒரு தோட்டத்தின் நான்கு பக்கங்கள் சுற்றி வரும்போது 13, 14, 13, 4 மீட்டர், ஒரு மூலைவிட்டம் 15 மீட்டர், பரப்பளவு என்ன? மூலைவிட்டம் தோட்டத்தை இரண்டு முக்கோணமாக்கும். ஒன்று 84, மற்றது 24. மொத்தம் 108.

இருபத்திரண்டு பேர் 117 என்று எழுதியிருந்தார்கள்.

இருபத்திரண்டு பேரும் ஒரே வழியில் போட்டிருந்தார்கள். எதிரெதிர் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் ஒரு ஜோடிக்கு 13, இன்னொரு ஜோடிக்கு 9. இரண்டையும் பெருக்கினால் 117. மூலைவிட்டத்தை ஒருவரும் தொடவில்லை. நான் நடத்தாத வழி, புத்தகத்தில் இல்லாத வழி. அந்த இருபத்திரண்டு பேரில் 29-ம் ஒருத்தி.

தாள்களைக் கீழே கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். அத்தா ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“மனை புரோக்கருங்க இப்படித்தான் போடுவாங்க,” என்றார்.

“தப்புத்தானே அத்தா?”

“நாலு பக்கத்த வச்சுத் தோல அளந்தா ஆடு சிரிக்கும்மா.”

ஆட்டின் கருத்து எனக்குப் போதுமானதாக இருந்தது. தலைமையாசிரியைக்குப் போதாது. அவரை வீடியோ காலில் பார்த்தால் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரியும். இருபத்தைந்து வருடம் வரலாறு நடத்தியவர்.

“இருபத்திரெண்டு பேரும் ஒரே தப்பா?” என்றது நெற்றி.

“ஆமா மேடம்.”

“காப்பி.”

“காப்பி அடிக்கிறவங்க சரியான விடையப் பாத்துத்தானே அடிப்பாங்க மேடம்?”

“நீ புதுசும்மா. நம்ம பிள்ளைகளப் பத்தி உனக்குத் தெரியாது. ஆரம்பிச்சு வச்சது யாருன்னு கண்டுபிடி. மத்தவங்களுக்கு அந்தக் கேள்விக்கு சைபர். ஆரம்பிச்ச ஆளுக்குக் கணக்குப் பிரிவு கிடையாது. வர்ற திங்கக்கிழமை கணக்குப் பிரிவு லிஸ்ட் வேணும்.”

திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. காப்பியா இல்லையா என்று பார்க்க ஒரு பொறி வைத்தேன். ஆளுக்கு ஒரு அளவு வரும்படி கம்ப்யூட்டரில் சின்ன நிரல் ஒன்றை எழுதி, நாற்பத்தொரு பேருக்கும் நாற்பத்தொரு விதமான தோட்டங்களைக் கொடுத்தேன். ஒருவருடைய விடை இன்னொருவருக்கு உதவாது. வியாழக்கிழமை மாலையில் விடைகள் வந்தன. அதே இருபத்திரண்டு பேர், அதே வழியில், அவரவர் தோட்டத்துக்கு அவரவர் தப்பைத் தனித்தனியாக, நேர்மையாக, ஒரு கூட்டல் பிழைகூட இல்லாமல் செய்திருந்தார்கள். இது காப்பி இல்லை. யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள். என்னைவிட நன்றாக நடத்தியிருக்கிறார்கள். என் வழியில் அத்தனை பேர் சரியாகப் போட்டதே இல்லை.

அன்று மாலை அம்மா கூப்பிட்டார். “ஏம்மா, யாரோ எனக்குப் பாடம் சொல்லித் தாரேன்னு அனுப்பிருக்கு. என்னன்னு பாரு.”

42-க்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. 29 அனுப்பியது.

‘நீ கிளாஸ்ல எதுவுமே கேக்க மாட்டேங்குற. டெஸ்ட்டும் எழுதல. பயப்படாத. மிஸ் நல்லவங்கதான், ஆனா வேகமாப் போயிருவாங்க. நாங்க தனியா ஒரு குரூப் வச்சிருக்கோம். சேத்து விடவா?’

ஒரு நல்ல ஆசிரியை இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அம்மாவின் போனிலிருந்து ‘சரி’ என்று அனுப்பினேன்.

அந்தக் குழுவில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். என்னோடு இருபத்து மூன்று. தினமும் என் வகுப்பு முடிந்த பிறகு 29 அதே பாடத்தைக் குரல் செய்திகளாக, துண்டு துண்டாக அனுப்புவாள். நெட் போதாதவர்களும், போன் மாலையில்தான் கைக்கு வருகிறவர்களும் அதைக் கேட்டுத்தான் படித்திருக்கிறார்கள். பழைய செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் என் குரல் வந்தது. என் குரல் அல்ல, என்னைப் போல் பேசும் 29-இன் குரல்.

“குட் மார்னிங் சில்ட்ரன். இன்னைக்கு மூணு விஷயம் பாக்கப் போறோம். ஒண்ணு. ரெண்டு. மூணு. புரியுதா? புரியாட்டியும் அடுத்ததுக்குப் போவோம்.”

இருபத்தொரு பேரும் சிரிக்கும் முகங்களை அனுப்பியிருந்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு இன்னொரு முறை கேட்டேன். சிறப்பாகத்தான் செய்திருந்தாள். நான் அத்தனை முறை ‘அடுத்தது’ சொல்கிறேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த ஒரு கேலிக்குப் பிறகு அவள் தன் சொந்தக் குரலுக்கு வந்துவிடுவாள். நிதானமாக, ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்வாள். பரப்பளவுப் பாடத்தின் கடைசித் துண்டில் இதைச் சொல்லியிருந்தாள்:

“மிஸ் சொன்ன வழி சரிதான். ஆனா வர்க்கமூலம் எடுக்குறதுக்குள்ள நேரம் போயிரும். எங்கம்மா நாத்து நடப் போகும்போது கயிறு புடிச்சு நாலு பக்கமும் அளந்து, எதிர் எதிர்ப் பக்கத்தக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கிரும். எத்தன நாத்து வேணும்னு அரை நிமிசத்துல சொல்லிரும். நானும் ஒரு செவ்வகத்துக்குப் போட்டுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. அதனால பரீட்சைல எங்கம்மா வழியவே போடுங்க.”

பின்னால் அவள் அம்மாவின் குரல்: “நல்லா எழுத்துக்கூட்டிச் சொல்லுடி, பிள்ளைகளுக்கு விளங்கணும்ல.”

எல்லாம் விளங்கியது. செவ்வகத்தில் சோதித்தது மட்டும்தான் தவறு. செவ்வகத்துக்கு இரண்டு வழியில் போட்டாலும் சரியாகவே வரும். மூலை கொஞ்சம் சாய்ந்தால்தான் குட்டு வெளிப்படும்.

நேராகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்து மூன்று பேர் உள்ள வகுப்பில் மாணவியாக உட்காரும் வாய்ப்பு எனக்கு எப்போது கிடைக்கும்? 42 முதன்முறையாக வாய் திறந்தாள். தட்டச்சு செய்தேன்: ‘எனக்கு ஒரு டவுட். நாலு பக்கமும் அஞ்சு அஞ்சு மீட்டர்னா உங்க அம்மா வழியில எவ்வளவு?’

‘25,’ என்றாள் 29 உடனே.

‘நாலு குச்சியக் கட்டி சதுரம் பண்ணு. அதையே ஒரு பக்கமாச் சாய்ச்சா? அப்பவும் 25தானா?’

 ஒரு மணி நேரம் அந்தக் குழு அமைதியாக இருந்தது. நான் விடைத்தாள் திருத்துவது போல் உட்கார்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு குரல் செய்தி வந்தது. 29 ஓடிக்கொண்டே பேசினாள்.

“ஏய், எல்லாரும் கேளுங்க. நாலு தென்னங்குச்சிய எடுத்து நாருல கட்டுனேன். சாய்க்கச் சாய்க்க உள்ள இருக்குற இடம் சுருங்குது! பக்கம் அப்படியேதான் இருக்கு. இன்னும் சாய்ச்சா ஒண்ணுமே இல்லாமப் போயிருது. அம்மா, இங்க பாரும்மா, நீ சொல்ற வழியில இதுக்கும் இருபத்தஞ்சுதான் வரும்.”

அவள் அம்மாவின் குரல் தூரத்திலிருந்து, அசையாமல் வந்தது: “குச்சி சாயும். நெலம் சாயுமாடி?”

“நெலம் சாயாதும்மா, ஆனா சாஞ்ச மாதிரியே கெடக்கும்ல! நம்ம வாய்க்காமேட்டுத் தோட்டம் அப்படித்தானே கெடக்கு? அதான் அங்க ஒவ்வொரு தடவையும் நாத்து மிஞ்சுது!”

“மிஞ்சுனா என்ன இப்ப? பத்தாமப் போனாத்தான் அடுத்தவுக தோட்டத்துல போய் நிக்கணும்.”

 அந்த வழி சரியாகவோ கூடுதலாகவோதான் காட்டும், குறைவாகக் காட்டவே காட்டாது. நாற்றுக்கு அது வசதி. அத்தனை வருடம் அந்த வழி பிழைத்திருந்ததற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் 42-க்குத் தனியாக இன்னொரு செய்தி. ‘இப்படிக் கேள்வி கேக்குற பிள்ளை கிளாஸ்ல வாயே தொறக்காதா? நீங்க யாரு?’

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாடிக்கு வந்த அம்மா தன் போனை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. 29-இன் கேள்விக்கு, காலை ஆறரை மணிக்கு, ரோஜாக் கொத்துடன் பதில் போயிருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: ‘மிஸ்?’

போன் செய்தேன்.

“மிஸ், 42 நீங்கதானா?”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“டவுட்னு சொல்லிட்டு யாரு மிஸ் பதில வச்சுக்கிட்டே கேப்பாங்க? நீங்கதான் அப்படிக் கேப்பீங்க.” பிறகு மெல்ல, “முதல் வாய்ஸ் மெசேஜும் கேட்டீங்களா மிஸ்?”

“குட் மார்னிங் சில்ட்ரன்,” என்றேன்.

மயில்கூட அந்த நேரத்தில் கத்தவில்லை.

நிலைமையைச் சொன்னேன். தலைமையாசிரியை கேட்ட பட்டியல், திங்கட்கிழமை, கணக்குப் பிரிவு.  அவள், “நான் சொல்லிக் குடுக்காட்டி அந்த இருபத்தொரு பேரும் ரெண்டு மார்க்குதான் மிஸ் வாங்கிருப்பாங்க,” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பிச்சது நீதான்னு மேடம்கிட்டச் சொல்லுவேன். ஆனா காப்பி இல்லைன்னும் சொல்லுவேன். உன்கிட்ட நேரா கேக்கச் சொல்றேன். சமாளிப்பியா?”

“என்ன கேப்பாங்க மிஸ்?”

“தெரியாது. அவங்க ஹிஸ்டரி.”

அன்றே தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை காலை மூவரும் வீடியோ காலில் இருந்தோம். திரையின் ஒரு கட்டத்தில் 29, மோட்டார் ரூம் சுவரோடு ஒட்டி, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றில் நெற்றியும் மின்விசிறியும். மூன்றாவதில் நான், கூடை இல்லாமல்.

தலைமையாசிரியை ஒரு பத்திரத்தோடு வந்திருந்தார். நான் எதிர்பார்க்காதது அது.

“பாரும்மா. கொடைரோடு போற வழியில நான் ஒரு மனை வாங்கிப் போட்டுருக்கேன். நாலு பக்கமும் நாலு அளவு. சுத்தி வந்தா இருபத்தஞ்சு, அறுபது, முப்பத்தொம்போது, அம்பத்திரெண்டு அடி. உங்கம்மா வழியில போட்டுச் சொல்லு.”

29 தாளில் எழுதவில்லை. “இருபத்தஞ்சும் முப்பத்தொம்போதும் கூட்டிப் பாதி, முப்பத்திரெண்டு. அறுபதும் அம்பத்திரெண்டும் கூட்டிப் பாதி, அம்பத்தாறு. பெருக்குனா ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்திரெண்டு சதுர அடி மேடம்.”

நெற்றி மறைந்து, முதன்முறையாகத் தலைமையாசிரியையின் முகம் முழுதாகத் திரையில் வந்தது.

“பத்திரத்துலயும் அதேதான் இருக்கு! ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்திரெண்டு! பாத்தியாம்மா?” இந்தப் ‘பாத்தியாம்மா’ எனக்கு. “அரசாங்கப் பத்திரமே இந்த வழியிலதான் இருக்கு. அப்ப பிள்ளைகள் எழுதுனது சரிதானே? நீதான் தப்பாத் திருத்திருக்க.”

 பிரச்சினை தீர்ந்துவிட்டது. காப்பி இல்லை, தப்பு இல்லை, இருபத்திரண்டு பேருக்கும் முழு மதிப்பெண், 29-க்குக் கணக்குப் பிரிவு. தப்பு செய்தவள் நான் ஒருத்திதான். எனக்கோ சென்னையில் வேலை காத்திருக்கிறது, தேதிதான் இல்லை. 29 ‘ஆமா மேடம்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் என் கட்டத்தைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். திரையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது. நான் முகத்தை ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொண்டேன். எனக்கு நன்றாக வரும் ஒரே காரியம் அது.

“இல்ல மேடம்,” என்றாள். “மிஸ் திருத்துனதுதான் சரி. பத்திரம் எழுதுனவங்களும் எங்கம்மா மாதிரியே போட்டுருக்காங்க. நாலு பக்கத்த மட்டும் வச்சு எம்புட்டு இடம்னு யாராலயும் சொல்ல முடியாது மேடம். மூலைக்கு மூலை ஒரு அளவு வேணும்.”

“அப்ப என் மனை?”

“கூட இருக்காது மேடம். குறைஞ்சாத்தான் குறையும்.”

தலைமையாசிரியையின் முகம் மெல்ல நழுவி மறுபடி நெற்றியானது. திரைக்கு வெளியே இருந்து ஒரு ஆண் குரல், அவர் கணவருடையது, “நான் அன்னைக்கே அளந்து வாங்கச் சொன்னேன்ல,” என்றது.

“நீங்க சும்மா இருங்க,” என்றது நெற்றி. கால் துண்டிக்கப்பட்டது.

29 எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ‘போச்சா மிஸ்?’ நான் ‘தெரியல’ என்று அனுப்பினேன். அந்த இரண்டு நாளில் வேறு எதையும் என்னால் பட்டியல் போட முடியவில்லை. திங்கட்கிழமைப் பட்டியலில் இருபத்தொன்பதுக்கு நேரே மட்டும் இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை தலைமையாசிரியையின் கணவர் டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்குப் போயிருக்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர் மறுமுனையைப் பிடித்திருக்கிறார். பதினொரு மணிக்கு மறுபடி மூவரும் காலில் வந்தோம். நான்காவது கட்டத்தில் வேலிமுள்ளுக்கு நடுவே கணவர், முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டு நின்றார்.

“அறுபத்தஞ்சு அடி. ஒரு விரக்கடை கூடக்குறைய இருக்கலாம். முள்ளு குத்துனதையும் எழுதிக்கச் சொல்லு.”

“இருபத்தஞ்சு, அறுபது, அறுபத்தஞ்சு,” என்று 29 முணுமுணுத்தாள். அவள் முகம் சட்டென்று மாறியது. சூத்திரமே தேவையில்லை என்று கண்டுவிட்டாள். “மேடம், இது செங்கோண முக்கோணம்! அஞ்சு, பன்னெண்டு, பதிமூணு. அதோட அஞ்சு மடங்கு. எழுநூத்தி அம்பது. இந்தப் பக்கமும் முப்பத்தொம்போது, அம்பத்திரெண்டு, அறுபத்தஞ்சு... இதுவும் செங்கோணம்தான், மூணு நாலு அஞ்சு! ஆயிரத்துப் பதினாலு. மொத்தம் ஆயிரத்து எழுநூத்தி அறுபத்தி நாலு.”

யாருடைய மனையைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அவள் சந்தோஷத்தில் மறந்திருந்தாள். கழித்தும் சொல்லிவிட்டாள். “இருபத்தெட்டு சதுர அடி குறையுது மேடம்.”

“இருபத்தெட்டுன்னா எம்புட்டு இடம் வரும்?” தலைமையாசிரியையின் குரல் சன்னமாக இருந்தது.

“நாலுக்கு ஏழு மேடம். ஒரு பாத்ரூம்.”

முள்ளுக்கு நடுவில் நின்றவர் சிரித்துவிட்டார். நான் மைக்கை அணைத்திருந்தேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியை தானாகவே கூப்பிட்டார். “லிஸ்ட்ல அந்தப் பிள்ளையப் போடு. கணக்குப் பிரிவுல.”

“மத்த இருபத்தொரு பேரு மேடம்?”

“அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் பாதி மார்க் போடு. அந்தப் பிள்ளைக்கும் சேத்துத்தான்.”

“ஏன் பாதி மேடம்?”

“பத்திரம் எழுதுறவனே அப்படித்தான் போடுறான். பிள்ளைகளுக்கு மட்டும் சைபர் போட்டா நியாயமா இருக்குமா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பாத்ரூம் விஷயம் ஸ்டாஃப் ரூமுக்குப் போகக்கூடாது.”

ஸ்டாஃப் ரூம் பூட்டிக் கிடந்து ஒரு வருடமாகப் போகிறது என்று நான் நினைவுபடுத்தவில்லை.

வெறுமையாக விட்டிருந்த இடத்தை நிரப்பிப் பட்டியலை அனுப்பினேன். அது சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் 29-ஐக் கூப்பிட்டேன். எடுத்தது அவள் அம்மா. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

“டீச்சரா? நான் அதோட அம்மா பேசுறேன். உங்ககிட்டக் கேக்கணும்னுதான் இருந்தேன். எங்க கணக்கு தப்புன்னு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானா?”

“தப்புன்னு இல்லக்கா. செத்த கூடுதலாக் காட்டும், அம்புட்டுதான்.”

“கல்யாணம் ஆன நாள்லருந்து கயிறு புடிக்கிறேன் டீச்சர். எத்தனையோ தோட்டம் அளந்துருக்கேன். ஒருத்தர் வந்து தப்புன்னு சொன்னதில்ல. இவ ரெண்டு நாளா நாலு குச்சியக் கையில வச்சுக்கிட்டு ஆட்டி ஆட்டிக் காட்டுறா. நடவுக்கு வந்த பிள்ளைகெல்லாம் சிரிக்குதுக. நீங்க வேணா ஒருநா தோட்டத்துக்கு வாங்க. ரெண்டு பேரும் அளந்து பாத்துருவோம்.”

“வாரேன்க்கா. இப்ப ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவளுக்குக் கணக்குப் பிரிவு கிடைச்சிருச்சு.”

 யாரையோ, ‘செத்த இருங்க’ என்று அவர் நிறுத்துவது கேட்டது.

“எழுதிட்டாங்களா?”

“லிஸ்ட் அனுப்பியாச்சு.”

“இனி யாரும் மாத்த மாட்டாங்கள்ல?”

“மாட்டாங்கக்கா.”

“அப்பச் சரி,” என்றார். “எங்க கணக்கு தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்.”

மகளிடம் போனைக் கொடுக்காமலே வைத்துவிட்டார். அவர் மகளின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டதில் பாதிதான் எனக்குக் கேட்டது.